மேல இருக்கிறவங்க நிலம், கீழ இருக்கிறவங்க தண்ணி: இந்த டீல் எப்படித்தான் நடக்குது?

நியூயார்க் சிட்டில குழாயைத் திறந்தா வர்ற தண்ணில கிட்டத்தட்ட 90 சதவீதம் ஃபில்டர் பண்ணாத தண்ணி. குளோரின் போடுறாங்க, 2013ல இருந்து கிருமியைக் கொல்ற யுவி லைட் வழியாவும் விடுறாங்க, ஆனா வடிகட்டுறதுக்குன்னு பெரிய பிளான்ட் எதுவும் அந்தத் தண்ணிக்கு கிடையாது. 80 லட்சம் பேருக்கு மேல இருக்கிற ஊருங்க அது. தண்ணி எங்கயோ வடக்க கேட்ஸ்கில் மலைப் பக்கத்துல இருந்தும் டெலவேர் ஆத்தோட தலைப்பகுதில இருந்தும் வருது, தூரமா இருக்கிற அணை 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நிலம், நீர் பாதுகாப்புன்னா மரம் நடுறது, குப்பை பொறுக்குறது, போட்டோ எடுக்குறதுன்னு நினைக்கிற ஆளுங்ககிட்ட நான் முதல்ல சொல்ற கதை இதுதான், ஏன்னா இங்க மரம் நட்டது கடைசில, முதல்ல நடந்தது சண்டை, அப்புறம் வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை, அப்புறம்தான் காகிதத்துல கையெழுத்து.

ஆரம்பம் 1989. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி ஒரு ரூல் கொண்டு வந்துச்சு, ஆறு ஏரி மாதிரி மேற்பரப்பு தண்ணி எடுக்கிற ஊரெல்லாம் ஃபில்டர் பண்ணியே ஆகணும், இல்லன்னா தண்ணி வர்ற இடத்தை நாங்க நல்லா கட்டுப்பாட்டுல வச்சிருக்கோம்னு நிரூபிக்கணும். நியூயார்க் கணக்கு போட்டு பாத்தாங்க. ஃபில்டர் பிளான்ட் கட்டணும்னா 600ல இருந்து 800 கோடி டாலர் வரை ஆகும், அதுக்கு மேல அதை ஓட்டுறதுக்கே வருஷா வருஷம் 25, 30 கோடி டாலர். சரி, ரெண்டாவது வழிக்கு போலாம்னு பாத்தா அங்க பெரிய சிக்கல். கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்பு மட்டும் சுமார் 1,600 சதுர மைல், அதுல சிட்டி கைல இருந்த நிலம் ரொம்ப கம்மி. மிச்சமெல்லாம் பால் பண்ணைக்காரங்க, மரம் வெட்டுறவங்க, சின்னச் சின்ன டவுன்கள், லீவுக்கு வந்து தங்குற வீட்டுக்காரங்க. யாரோ ஒருத்தர் நிலத்துல யாரோ ஒருத்தர் மாடு கட்டியிருக்காரு, அது இங்க இருக்கிறவன் குடிக்கிற தண்ணி. அதுல இவன் என்ன சொல்ல முடியும்?

1990ல சிட்டி என்ன பண்ணுச்சுன்னா, சட்டம் போட்டா சரியாயிடும்னு நினைச்சு ஒரு வரைவு விதிமுறை வெளியிட்டுச்சு. ஓடைக்கு இவ்வளவு தூரத்துல கட்டடம் கட்டக்கூடாது, சாணி இங்க போடக்கூடாது, அப்படி இப்படின்னு. மலை ஊர்க்காரங்க கொதிச்சுட்டாங்க. இதை வெறும் பிடிவாதம்னு சொல்லிட முடியாது, பழைய காயம் இருக்கு. 1905ல ஒரு மாநிலச் சட்டத்தை வச்சு சிட்டி அங்க போய் நிலத்தை கட்டாயமா எடுத்துச்சு, அஷோக்கன் அணைக்காக கிராமம் கிராமமா காலி பண்ணி சுமார் 2,000 பேரை வெளியேத்துனாங்க, கல்லறைகளைக் கூட தோண்டி வேற இடத்துக்கு மாத்துனாங்க. 1950கள்ல பெபாக்டன் அணை வந்தப்போ இன்னும் நாலு கிராமம் தண்ணிக்குள்ள போச்சு. தாத்தா வீடு அணைக்கு அடில இருக்குன்னு சொல்லிக்கிட்டே வளர்ந்தவங்ககிட்ட போய் மறுபடியும் அதே சிட்டி "உன் நிலத்துல இதைச் செய்யாதே"ன்னா எப்படி இருக்கும். 1991ல அந்த டவுன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி அமைச்சு, வக்கீல் வச்சு, கேஸுக்கு ரெடியாயிட்டாங்க.

இங்கதான் கதை திரும்புது, திருப்புனது பெரும்பாலும் விவசாயிங்க. சிட்டியோட சுற்றுச்சூழல் கமிஷனரா அப்போ இருந்த ஆல்பர்ட் ஆப்பிள்டன் விதிமுறையை ஓரமா வச்சுட்டு பண்ணைக்காரங்களோட உக்காந்து பேச ஆரம்பிச்சாரு. நீங்களே ஒரு திட்டம் போடுங்க, செலவு சிட்டியோடது, சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம், ஆனா அஞ்சு வருஷத்துல 85 சதவீத பண்ணைகள் உள்ள வந்திருக்கணும். பண்ணைக்காரங்களே நடத்துற ஒரு கவுன்சில் 1993ல வந்துச்சு. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனியா போய் பாத்து, அந்த நிலத்துக்கு ஏத்த மாதிரி பிளான். பொதுவான ரூல் கிடையாது. இலக்கை தாண்டியே போய்ட்டாங்க, 90 சதவீதத்துக்கு மேல பெரிய பண்ணைகள் சேர்ந்துச்சு.

என்ன மாதிரி வேலைன்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி, குளோரினுக்கு சாகாது. 1993ல மில்வாக்கி ஊர்ல இது குடிதண்ணில கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயித்துப்போக்கு வந்துச்சு, நாடே ஆடிப்போச்சு. மாட்டுப் பண்ணைல இதை அதிகமா வெளியேத்துறது பெரிய மாடு இல்ல, பொறந்து சில வாரமே ஆன கன்னுக்குட்டி. அப்போ என்ன பண்றாங்க, கன்னுகளை பெரிய மாட்டுல இருந்து பிரிச்சு, காய்ஞ்ச, காத்தோட்டமான தனி கொட்டகைல வச்சு, அந்தச் சாணியும் அங்க கழுவுற தண்ணியும் ஓடைக்கு போகாம பாத்துக்குறாங்க. கன்னுக்குட்டியும் சீக்கு இல்லாம வளருது, விவசாயிக்கு அதுல லாபம், கீழ இருக்கிற ஊருக்கு தண்ணி சுத்தம். ஓடையோரம் வேலி போட்டு மாடு இறங்காம தடுத்து, கரைல புல்லும் புதரும் மரமும் வளரவிட்டா மண்ணும் பாஸ்பரஸும் அங்கயே தங்கிடும், ஓடைக்கு நிழலும் கிடைக்கும், நிழல் இருந்தா தண்ணி சூடாகாது, மீனுக்கும் நல்லது. ஆனா வேலி போட்டா மாட்டுக்கு குடிக்க தண்ணி வேற இடத்துல ஏற்பாடு பண்ணித் தரணும்ல, அதுக்கும் திட்டத்துலயே காசு. இந்த மாதிரி சின்ன விஷயத்துல யோசிக்காம விட்டா எந்த விவசாயியும் ரெண்டாவது தடவை போன் எடுக்கமாட்டான்.

அப்புறம் 1997 ஜனவரில பெரிய ஒப்பந்தம். சிட்டி, மாநில அரசு, மத்திய ஏஜென்சி, மலைப் பக்கத்து டவுன்கள், கவுன்ட்டிகள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாரும் கையெழுத்து. பத்து வருஷத்துல சிட்டி கிட்டத்தட்ட 150 கோடி டாலர் செலவு பண்றதா ஒத்துக்குச்சு, ஃபில்டர் பிளான்ட் விலைய பாத்தீங்கன்னா அதுல கால்வாசியத் தாண்டாது. எல்லாரும் இந்தக் காசுக் கணக்கை மட்டும்தான் சொல்லுவாங்க, எனக்கு முக்கியமா படுறது அதுல இருக்கிற ஷரத்துகள். ஒண்ணு, சிட்டி இனிமே கட்டாயமா நிலம் எடுக்காது, விக்க விருப்பம் இருக்கிறவன்கிட்ட மட்டும் மார்க்கெட் விலைக்கு வாங்கும். அடுத்தது, வாங்குன நிலத்துக்கு சிட்டி உள்ளூர் சொத்து வரி கட்டும், இது ரொம்ப பெரிய விஷயம், ஏன்னா நிலமெல்லாம் அரசு கைக்கு போய்ட்டா டவுனோட வருமானம் படுத்துரும், ஸ்கூல் எப்படி நடக்கும். அதோட, ஊர் மையத்தை சுத்தி இருக்கிற இடத்தை "இங்க வாங்காதே"ன்னு டவுனே கோடு போட்டு ஒதுக்கி வச்சுக்கலாம். இதுக்கு மேல உள்ளூர் ஆளுங்க நடத்துற ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி, பழுதான செப்டிக் டேங்க் மாத்துறது, கழிவுநீர் பிளான்ட் கட்டுறது, உள்ளூர் தொழிலுக்கு கடன் கொடுக்குறதுக்கு சுமார் 6 கோடி டாலர் ஃபண்டுன்னு எல்லாம் அவங்க கைல கொடுத்தாங்க. அதாவது சிட்டிக்காரன் காசு கொடுக்குறான், எந்த வீட்டு செப்டிக் டேங்கை முதல்ல மாத்தணும்னு முடிவு பண்றது அந்த மலை ஊர்க்காரன். இந்த ஒரு ஏற்பாடு இல்லன்னா அந்த 150 கோடியும் வக்கீல் ஃபீஸா போயிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

இதே சிட்டியோட இன்னொரு பக்கத்தையும் பாக்கணும். குரோட்டன்னு பழைய அணைத்தொகுதி ஒண்ணு, ஊருக்கு கிட்ட இருக்கு, புறநகர் வீடுங்க முழுசா மொய்ச்சிருச்சு. அங்க இந்த டீல் எல்லாம் பேசுற கட்டம் தாண்டிருச்சு. அந்தத் தண்ணிக்கு கடைசில ஃபில்டர் பிளான்ட் கட்டியே ஆக வேண்டியதா போச்சு, 2015ல திறந்தாங்க, செலவு 300 கோடி டாலருக்கு மேல.

சரி, விக்க விருப்பம் இல்லாதவன் நிலத்தை என்ன பண்றது? இங்கதான் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்னு ஒரு விஷயம் வருது, அமெரிக்கால லேண்ட் ட்ரஸ்டுகளோட, அதாவது நிலத்தைப் பாதுகாக்குற தொண்டு அமைப்புகளோட, முக்கியமான ஆயுதம் இது. நிலம் உங்க பேர்லயே இருக்கும், உழலாம், மாடு வளர்க்கலாம், விக்கலாம், பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கலாம். ஆனா பிளாட் போட்டு விக்கிற உரிமை, தொழிற்சாலை கட்டுற உரிமை, அதை மட்டும் ஒரு ட்ரஸ்டுக்கோ அரசுக்கோ கொடுத்துடுறீங்க, தானமாவும் கொடுக்கலாம், காசுக்கும் கொடுக்கலாம். இது பத்திரத்தோட சேர்த்து பதிவாகும், அடுத்து யார் வாங்குனாலும் அவங்களையும் கட்டுப்படுத்தும், பெரும்பாலும் நிரந்தரமா. நிலத்தோட மதிப்பு குறைஞ்சுடும்ல, அந்த குறைஞ்ச தொகையை தானமா கணக்கு காட்டி வருமான வரில கழிச்சுக்கலாம், இது 1976ல தற்காலிகமா வந்து 1980ல நிரந்தரம் ஆச்சு. விவசாயிங்களுக்கு கூடுதல் சலுகை 2015 டிசம்பர்ல நிரந்தரம் ஆச்சு.

பேப்பர்ல இது அழகு. ஆனா கையெழுத்து போட்ட அன்னிக்கு வேலை முடியுறதில்ல, அன்னிக்குத்தான் ஆரம்பம். நிலம் இப்போ எப்படி இருக்குன்னு மேப், போட்டோ எல்லாம் வச்சு ஒரு அடிப்படை ஆவணம் தயார் பண்ணணும், வருஷா வருஷம் யாராவது நடந்து போய் பாத்து ரிப்போர்ட் எழுதணும், புது ஓனர் வந்து ஷெட் கட்டிட்டான்னா பேசணும், கேக்கலைன்னா கோர்ட்டுக்கு போகணும். நிரந்தரம்னு எழுதிட்டு அதுக்கு நிதி ஒதுக்காத ட்ரஸ்ட் பத்து இருபது வருஷத்துல வெறும் பெயர்ப்பலகையா ஆயிடும். 1891ல மாசசூசெட்ஸ்ல சார்லஸ் எலியட் முயற்சில ஆரம்பிச்ச ட்ரஸ்ட் இன்னிக்கும் ஓடுதுன்னா இந்த போரான வேலையை யாரோ விடாம செஞ்சதாலதான்.

இப்போ கொள்கைப் பக்கம். இந்த உள்ளூர் டீல் எல்லாத்துக்கும் பின்னாடி ரெண்டு விஷயம் மேல இருந்து வந்தாகணும், காசும் சட்டமும். ரெண்டும் தானா வராது, கேட்டு வாங்கணும், திரும்பத் திரும்ப கேக்கணும். இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவோட லேண்ட் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் ஃபண்ட். 1964ல சட்டம். பின்னாடி வந்த திருத்தங்கள்படி, கடல்ல எண்ணெய், எரிவாயு எடுக்கிற கம்பெனிங்க அரசுக்கு கட்டுற தொகைல இருந்து வருஷத்துக்கு 90 கோடி டாலர் வரை நிலம், நீர் பாதுகாப்புக்கு போகணும்ங்கிறது ஏற்பாடு. ஒரு இயற்கை வளத்தை எடுத்துத் தீக்குறோம், அந்தக் காசுல இன்னொண்ணை காப்பாத்துறோம்ங்கிற லாஜிக். ஆனா நடந்தது என்ன, கணக்குல காசு வரும், காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒவ்வொரு பட்ஜெட்லயும் அதுல பெரும்பகுதிய வேற செலவுக்கு திருப்பிடும், முழுத்தொகை கிடைச்ச வருஷம் ரொம்ப அபூர்வம். அதுக்கு மேல 2015 செப்டம்பர்ல சட்டமே காலாவதி, அப்புறம் மூணு வருஷம் நீட்டிப்பு, 2018 செப்டம்பர்ல மறுபடியும் காலாவதி. இந்த நேரம் முழுக்க வேட்டைக்காரங்க, மீன்பிடிக்கிறவங்க, பண்ணைக்காரங்க, மேயர்கள், சுற்றுலா வியாபாரிங்க, சூழல் அமைப்புங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் ஓட்டு போடாத கூட்டமெல்லாம் ஒரே கோரிக்கையோட போய் நின்னாங்க. 2019 மார்ச்ல ஃபண்டுக்கு நிரந்தர அங்கீகாரம், 2020 ஆகஸ்ட்ல இன்னொரு சட்டம் மூலமா வருஷம் 90 கோடியும் கட்டாயம்னு ஆச்சு. ரெண்டு கட்சியும் ஓட்டு போட்டுச்சு. 1964ல ஃபண்டுக்கு சட்டம் போட்டது, முழுத்தொகை உறுதியானது 2020ல, நடுவுல 56 வருஷம்.

தொண்டு நிறுவனம் அரசியல் பேசலாமான்னு ஒரு சந்தேகம் எப்பவும் வரும். அமெரிக்கால வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவாவோ எதிராவோ பிரசாரம் பண்ணக்கூடாது, அதுல சலுகையே இல்ல. ஆனா ஒரு மசோதாவைப் பத்தி எம்.பி.கிட்ட போய் பேசலாம், அளவோட. 1976ல இருந்து எவ்வளவு செலவு பண்ணலாம்னு கணக்கோட ஒரு வழியும் இருக்கு. பல சின்ன ட்ரஸ்டுங்க இது தெரியாமலே பயந்து வாயை மூடிக்கிறாங்க, அதுதான் சோகம். இந்தக் காரணத்தாலயே நிறைய இடத்துல, நிலத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க எழுதுன சட்டம் பாஸ் ஆயிடுது.

அட்வகசி, அதாவது சட்டத்துக்காகவும் கொள்கைக்காகவும் அரசுகிட்ட வாதாடுறதுன்னா, சலுகை கேக்குறது மட்டும் இல்ல, தன் பக்கத்து ஓட்டையை அடைக்கச் சொல்றதும்தான். ஈஸ்மென்ட் வரிச் சலுகைல ஒரு ஃபிராடு வளர்ந்துச்சு. சில புரோமோட்டருங்க முதலீட்டாளர்களை சேர்த்து ஒரு நிலத்தை வாங்கி, அதோட மதிப்பை கண்ணு கூசுற அளவுக்கு ஏத்திக் காட்டி, ஈஸ்மென்ட் தானம் பண்ணி, போட்ட காசை விட பல மடங்கு வரிக்கழிவு எடுத்துக்கிட்டாங்க. வருமான வரித்துறை 2016 டிசம்பர்ல இதை கண்காணிப்புப் பட்டியல்ல போட்டுச்சு. நியாயமா நடத்துற லேண்ட் ட்ரஸ்டுகளோட தேசிய கூட்டமைப்பே முன்னாடி நின்னு இதை தடுக்க சட்டம் கேட்டுச்சு, ஏன்னா இந்த பேரு கெட்டா மொத்த சலுகையும் போய்டும். 2022 டிசம்பர்ல சட்டம் வந்துச்சு, இந்த மாதிரி கூட்டு முதலீட்டுல, போட்ட காசுல தன் பங்குக்கு இரண்டரை மடங்குக்கு மேல கழிவு கேட்டா பொதுவா செல்லாது.

எல்லாத்துக்கும் அமெரிக்கா மாதிரி பணக்கார நாடா இருக்கணுமான்னா அப்படி இல்ல. ஈக்வடார் தலைநகர் கீட்டோவை பாருங்க. 2000ல வெறும் 21,000 டாலர்ல ஒரு தண்ணி ஃபண்ட் ஆரம்பிச்சாங்க, ஊரோட குடிதண்ணி கம்பெனியும் ஒரு சூழல் அமைப்பும் சேர்ந்து. அது ஒரு ட்ரஸ்ட், ஆயுள் 80 வருஷம், அசலைத் தொடக்கூடாது, வருமானத்துல செலவு பண்ணலாம். ஊருக்குத் தண்ணி வர்றது ஆண்டிஸ் மலை உச்சில இருக்கிற பாரமோங்கிற புல்வெளில இருந்து, அங்க மண்ணு பஞ்சு மாதிரி மழையையும் பனிமூட்டத்தையும் உறிஞ்சி வச்சு வருஷம் முழுக்க கசியவிடும், மேய்ச்சலாலயும் தீயாலயும் அந்த மண்ணு கெட்டா அணை கட்டியும் பிரயோஜனம் இல்ல. முக்கியமான திருப்பம் நகர நிர்வாகம் போட்ட ஒரு விதி, தண்ணி கம்பெனியோட வருமானத்துல 2 சதவீதம் இந்த ஃபண்டுக்கு போய் சேரணும்னு. மேயர் மாறலாம், மனசு மாறலாம், பணம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். லத்தீன் அமெரிக்காவுல நிறைய ஊருங்க அப்புறம் இதை காப்பி அடிச்சாங்க.

காசு கொடுத்து தண்ணியை சுத்தமா வச்சாலும் வேற பக்கம் இடிக்கலாம். பிரான்ஸ்ல விட்டெல்ங்கிற மினரல் வாட்டர் ஊத்துக்கு 1980கள்ல நைட்ரேட் பயம் வந்துச்சு, சுத்தி இருக்கிற மக்காச்சோள விவசாயத்தால. கம்பெனி 1992ல ஒரு துணை நிறுவனம் வச்சு விவசாயிங்களோட 18ல இருந்து 30 வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு, மக்காச்சோளத்தை விட்டுட்டு புல் தீவனத்துக்கு மாறுங்க, கடன், நிலம், ஆலோசனை நாங்க பாத்துக்குறோம்னு. தண்ணியோட தரம் கெடாம நின்னுச்சு, உலகம் முழுக்க பாடம் நடத்துனாங்க. ஆனா அதே வட்டாரத்துல ஆழமான நிலத்தடி நீர் மட்டம் இறங்கிக்கிட்டே போக, கம்பெனி எடுக்குறது அதிகம், ஊருக்கு முதலிடம் கொடுன்னு பின்னாடி பெரிய தகராறு ஆச்சு. தரத்துக்கு ஒப்பந்தம் இருந்துச்சு, அளவைப் பத்தி ஊரோட பேசுன ஒப்பந்தம் இல்ல.

அளவைப் பத்தி பேசுன ஒரு இடம் அமெரிக்காவோட மொன்டானா மாநிலத்துல பிளாக்ஃபுட் ஆத்துப் பள்ளத்தாக்கு. 15 லட்சம் ஏக்கர், மாட்டுப் பண்ணைக்காரங்களும் அரசு அதிகாரிங்களும் சேர்ந்து 1993ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அவங்க ஃபார்முலா சிம்பிள், எல்லாரும் ஒத்துப்போற 80 சதவீத விஷயத்துல வேலையை ஆரம்பி, சண்டை வர்ற 20ஐ அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பக்கம் தண்ணி உரிமைங்கிறது முதல்ல எடுத்தவனுக்கு முதல் உரிமை, வறட்சி வந்தா பின்னாடி வந்தவன் வாய்க்கால் முதல்ல மூடும், பழைய உரிமைக்காரன் முழுசா எடுத்துக்கலாம், சட்டம் அவன் பக்கம். 2000ல கடும் வறட்சி. ஆத்துல நொடிக்கு 700 கன அடிக்கு கீழ ஓட்டம் இறங்குனா, மீன் தாக்குப்பிடிக்கணும்னா, பழைய உரிமைக்காரனும் சேர்த்து எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சுக்குறதுன்னு அவங்களே பேசி ஒரு வறட்சித் திட்டம் போட்டாங்க, மீன்பிடிக்க வர்றவங்களும் அப்போ தூண்டிலை சுருட்டி வைக்கணும். யாரும் கட்டாயப்படுத்தல. ஏழு வருஷமா சேர்ந்து களை எடுத்து, வேலி போட்டு, ஒருத்தர் வீட்டு சமையல்கட்டுல உக்காந்து பேசிப் பழகுனதாலதான் அந்த வருஷம் போன் பண்ணி "உன் பம்பை நிறுத்து"ன்னு கேக்க முடிஞ்சுச்சு. ஆறு வத்துன அன்னிக்கு போய் கூட்டணி ஆரம்பிச்சிருந்தா ஒருத்தனும் போனை எடுத்திருக்க மாட்டான்.

கேட்ஸ்கில்லயும் எல்லாம் சுபம் இல்ல. 1997க்கு அப்புறம் சிட்டி நிலமாவும் ஈஸ்மென்டாவும் பாதுகாத்தது 1,50,000 ஏக்கருக்கு மேல, ஆனா மலைப் பள்ளத்தாக்குல வீடு கட்டுற மாதிரி சமதளம் கொஞ்சம்தான், அதையும் சிட்டியே வாங்கிக்கிட்டே போனா எங்க பிள்ளைங்க எங்க வீடு கட்டும்னு டவுன்கள் கேட்டுச்சு, கேள்வி நியாயமானது. 2011ல ஐரீன் புயல் வெள்ளம் ஊர்த்தெருவையே அடிச்சுட்டு போனதுக்கு அப்புறம் பேச்சு இன்னும் சிக்கலாச்சு, ஆத்தோரத்து வீடுகளை காலி பண்ணணும், ஆனா காலி பண்றவங்களை குடிவைக்க மேட்டு நிலம் வேணும், அது சிட்டி கைல இருக்கலாம். 2020ல தேசிய அறிவியல் அகாடமி குழு இந்தத் திட்டத்தை பரிசீலனை பண்ணி, தூரத்துல சும்மா கிடக்கிற மேட்டு நிலத்தை வாங்கிக்கிட்டே போறதை குறைச்சு ஆத்தோர நிலத்துக்கு காசை திருப்பணும்ங்கிற மாதிரி சொல்லிருக்கு. ஃபில்டர் வேண்டாம்ங்கிற அனுமதியும் நிரந்தரம் கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்குத்தான், 2017ல கொடுத்தது பத்து வருஷத்துக்கு. ஒவ்வொரு தடவை அது புதுப்பிக்க வரும்போதும் டவுன்கள் தங்களோட பட்டியலை கைல வச்சுக்கிட்டு மேசைக்கு வந்து உக்காருவாங்க.